மின்வாசிப்பான் வாங்கியாச்சு, அப்புறம்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேஸ்வரம் போகிற வழியில் உள்ள மண்டபம் ஊரில் எனக்கு ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. ஆதார் நகல், பாஸ்போர்ட் போட்டோ, ஆன்லைன் விண்ணப்பம் என்று ஓடிக்கொண்டிருக்கும். நாலைந்து வருடமாக இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. "அண்ணே, இதுல தமிழ் வரமாட்டேங்குது" என்று கையில் மின்வாசிப்பான் என்கிற, புத்தகம் படிக்கும் கறுப்புப் பலகையோடு யாராவது வந்து நிற்பார்கள். கீழக்கரையிலிருந்து வருவது பெரும்பாலும் துபாயிலிருந்து காக்காவோ (அண்ணன்தான்) மச்சானோ கொண்டுவந்து கொடுத்ததாக இருக்கும். பாம்பன், தங்கச்சிமடம் பிள்ளைகள் ஆன்லைனில் வாங்கியிருப்பார்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் கூட்டம் அதிகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும், படிக்க நேரம் கிடைக்கும். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் எழுதியே வைத்துவிட்டேன்.

கையில் போன் இருக்கும்போது இது எதற்கு?

மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் தனுஷ்கோடி மணலில் நின்று போனைப் பாருங்கள். வெளிச்சத்தை முழுதாக ஏற்றினாலும் உங்கள் முகம்தான் அதில் தெரியும். மின்வாசிப்பானை அதே வெயிலில் பிடித்தால் அச்சடித்த தாள் மாதிரி தெளிவாக இருக்கும். அதன் திரைக்குள் முடியின் தடிமன் அளவே உள்ள நுண்குமிழ்கள் இருக்கின்றன. ஒவ்வொரு குமிழிலும் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் எதிரெதிர் மின்னேற்றத்தோடு மிதக்கின்றன. மின்சாரம் கொடுத்தால் ஒரு நிறம் மேலே வரும், இன்னொன்று கீழே போகும். வந்தது அப்படியே நிற்கும், அதை நிறுத்தி வைக்க மின்சாரம் தேவையில்லை. திரையைப் பொறுத்தவரை பக்கம் திருப்பும்போது மட்டும்தான் பேட்டரி செலவாகிறது. வெயில் கூடக் கூட எழுத்து தெளிவாகிற திரை, நம் ஊருக்கென்றே செய்தது போல.

இன்னொன்று, இதில் வாட்ஸாப் வராது. அது குறையா நிறையா என்பது ஆளைப் பொறுத்தது.

எந்தக் கருவி வாங்குவது?

இங்கே பத்துப் பேரில் ஒன்பது பேரிடம் அமேசானின் கிண்டில்தான். வெளிநாட்டிலிருந்து வருவதில் கோபோவும் பாக்கெட்புக்கும் அவ்வப்போது தட்டுப்படும். கோபோவும் பாக்கெட்புக்கும் ஈபப் என்கிற மின்புத்தகக் கோப்பை நேரடியாகத் திறக்கும், கேபிளில் போட்டுக்கொண்டு படிக்க வசதி. கிண்டிலில் கடை இருக்கிறது, தமிழ்ப் புத்தகங்களும் அங்கே விலைக்குக் கிடைக்கின்றன. 2016 டிசம்பரிலேயே தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளில் விற்பனையைத் தொடங்கிவிட்டார்கள்.

கடற்கரையில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: நீர் புகாத மாடலாக வாங்குங்கள். கிண்டிலில் அடிப்படை மாடலுக்கு அந்தக் காப்பு கிடையாது, பேப்பர்ஒயிட்டுக்கு உண்டு. இரண்டுக்கும் விலையில் நல்ல வித்தியாசம் இருக்கும். வீட்டுக்குள்ளேயே படிப்பவர் என்றால் அடிப்படை மாடலே போதும்.

முதல்முறை ஆன் செய்கிறேன். என்ன செய்ய வேண்டும்?

முதலில் சார்ஜ் போடுங்கள். அப்புறம் மொழி கேட்கும், அடுத்து வைஃபை, அதற்கடுத்துக் கணக்கு. வீட்டில் பெரும்பாலும் தனி வைஃபை இருக்காது, போனில் ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் இணைப்பீர்கள். அங்கேதான் பாதிப் பேர் சிக்குகிறார்கள். பழைய கருவிகள் பலவும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும். புதுப் போன்களோ ஹாட்ஸ்பாட்டை 5 ஜிகாஹெர்ட்ஸில் விடும். கருவியின் பட்டியலில் உங்கள் போன் பெயரே வராது. 'வைஃபை கெட்டுப்போச்சு' என்று கடைக்குத் தூக்கி வருவார்கள். போனின் ஹாட்ஸ்பாட் அமைப்புக்குள் போய் 2.4 என்று மாற்றினால் வேலை முடிந்தது. அப்படியும் பிடிக்கவில்லை என்றால் அதே இடத்தில் பாதுகாப்பு வகையை டபிள்யூபிஏ2 என்று வையுங்கள்.

கணக்கு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கொண்டுவந்து கொடுத்த மச்சானின் கணக்கிலேயே விட்டுவிடாதீர்கள். அவர் அங்கே புத்தகம் வாங்கினால் உங்களிடமும் வரும், நீங்கள் ஒன்றைத் தட்டினால் அவர் கார்டில் பணம் போகும். குடும்பத்தில் சண்டை வர அதுவே போதும். துபாயில் வாங்கிய கருவி இந்தியக் கணக்கிலும் நன்றாகவே ஓடும். உத்தரவாதம் மட்டும் இங்கே செல்லுமா என்று வாங்கும்போதே விசாரித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஏரோப்பிளேன் மோடில் போட்டுவிடுங்கள். புத்தகம் இறக்கும்போது மட்டும் வைஃபை போதும்.

தமிழ் எழுத்து உடைந்து தெரிகிறதே?

இதற்குத்தான் நான் இந்தப் பக்கத்தையே எழுதத் தொடங்கினேன். கருவியை இயக்குவது பத்து நிமிட வேலை. நல்ல தமிழ்க் கோப்பை அதற்குள் கொண்டுபோவதுதான் நம் பாடு. உடைவதில் மூன்று வகை இருக்கிறது. எந்த வகை என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஒன்று, எல்லாமே கட்டங்களாகத் தெரிவது. அந்தக் கருவியிலோ கோப்பிலோ தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற ஒரு யுனிகோடு (எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) எழுத்துருவை இலவசமாக இறக்கி, கேபிளில் இணைத்து, கருவியில் 'ஃபான்ட்ஸ்' என்ற ஃபோல்டருக்குள் போடுங்கள். கிண்டிலிலும் கோபோவிலும் இது நடக்கும். பிறகு புத்தகத்தைத் திறந்து எழுத்துப் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போட்டுவிட்டுத் தேர்ந்தெடுக்க மறந்துவிட்டு, 'ஒன்னும் ஆகலை' என்று சொல்பவர்கள் நிறையப் பேர்.

இரண்டாவது வகையில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். 'கொக்கு' என்று எழுதினால் யுனிகோடில் முதலில் 'க' பதிவாகும், உயிர்க்குறி அடுத்து வரும். காட்டும்போது கொம்பைத் தூக்கி எழுத்துக்கு முன்னால் வைப்பது கருவிக்குள் இருக்கும் மென்பொருளின் பொறுப்பு. பழைய மென்பொருளுக்கு அது தெரியாது. கொம்பு பின்னால் போய் ஒரு புள்ளி வட்டத்தோடு அநாதையாக நிற்கும். எழுத்துருவை மாற்றினால் இது தீராது. கருவியின் மென்பொருளைப் புதுப்பியுங்கள். புதுப்பிக்கவே முடியாத அளவு பழையது என்றால், தமிழ் படிப்பதற்கு அது ஆகாது, ஆங்கிலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதில் தமிழ் இருக்க வேண்டிய இடம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகக் கொட்டிக் கிடக்கும். கருவி மேல் பழி போடாதீர்கள். கோப்பு பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டது. அந்தக் காலத்தில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை ஒட்டிவைத்திருந்தார்கள். எழுத்துரு இல்லாத இடத்தில் அடியில் இருக்கும் ஆங்கிலம் வெளியே வந்துவிடுகிறது. என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவச மென்பொருளில் போட்டு யுனிகோடாக மாற்றினால் சரியாகிவிடும். திருமணப் பத்திரிகை, ஊர் மலர் என்று டிடிபி செய்து பழகியவர்கள் கையில் இந்த வகைக் கோப்பு ஏராளமாகக் கிடக்கிறது.

பிடிஎஃப் போட்டேன். எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது.

இருக்கத்தான் செய்யும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. ஆறு அங்குலத் திரையின் அகலம் 9 செ.மீ.யும் சொச்சமும். பக்கம் முழுவதும் உள்ளே அடங்கும்போது 12 புள்ளி (பாயின்ட்) எழுத்து 5 புள்ளியாகச் சுருங்கிவிடும். மருந்துச் சீட்டின் பின்பக்க எழுத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

கருவியைப் படுக்கை வாட்டில் திருப்பினால் அகலம் 12 செ.மீ. ஆகும், எழுத்து 7 புள்ளிக்கு வரும். பக்கத்தின் ஓரவெள்ளையை வெட்டிவிட்டால் 9 புள்ளிக்கு வந்துவிடும். அது படிக்கிற அளவு. ஓரம் வெட்ட கணினியில் கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. இரண்டு பத்தியாக அச்சான பழைய இதழ்களைக்கூட ஒரு பத்தியாக அடுக்கித் தரும்.

ஸ்கேன் செய்த புத்தகம் என்றால் அது எழுத்து அல்ல, படம். எழுத்தைப் பெரிதாக்கு என்றால் கருவிக்கு எதைப் பெரிதாக்குவது என்று தெரியாது. கூகுள் டிரைவில் ஏற்றி, டாக்ஸில் திறந்தால் தமிழ்ப் படத்தை எழுத்தாக மாற்றித் தரும். ஓரளவு நன்றாகவே வரும். ரகரமும் காலும், ணகரமும் னகரமும் அங்கங்கே குழம்பும். நாலைந்து பக்கத்துக்குச் சரி, முந்நூறு பக்கத்துக்குப் பொறுமை வேண்டும்.

கிண்டிலுக்குக் கோப்பு அனுப்புவது எப்படி?

போனில் கிண்டில் செயலியைப் போட்டு, அதே கணக்கில் நுழையுங்கள். இறக்கிய ஈபப் கோப்பைப் பகிர் என்று தட்டினால் பட்டியலில் கிண்டில் வரும். அதைத் தொட்டால் சிறிது நேரத்தில் கருவிக்கு வந்துவிடும். கருவியில் வைஃபை ஆனில் இருக்க வேண்டும், சொல்லியாக வேண்டியிருக்கிறது.

மின்னஞ்சல் வழியும் உண்டு. ஒவ்வொரு கிண்டிலுக்கும் ஒரு முகவரி இருக்கிறது. ஆனால் நீங்கள் அனுப்பும் முகவரியைக் கணக்கில் அனுமதிப் பட்டியலில் முன்பே சேர்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் வராது. மின்னஞ்சலில் 50 எம்பி வரை, 'சென்ட் டு கிண்டில்' இணையப் பக்கம் வழியாக 200 எம்பி வரை. ஒரு தமிழ் நாவல் ஈபப்பாக இருந்தால் பெரும்பாலும் ஒரு எம்பிக்குள் முடிந்துவிடும், ஸ்கேன் பிடிஎஃப்தான் குண்டாக இருக்கும். மோபி என்ற பழைய வகையை இப்போது இந்த வழியில் வாங்கிக்கொள்வதில்லை, ஈபப்பாக அனுப்புங்கள்.

கணினி இருக்கிறவர்கள் காலிபர் என்ற மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள், இலவசம். கோப்பை மாற்றும், அடுக்கி வைக்கும், கேபிளில் அனுப்பவும் செய்யும். மாற்றும்போது புத்தகத்தின் மொழி 'தமிழ்' என்று இருக்கிறதா பாருங்கள். 'ஆங்கிலம்' என்று இருந்தால் சிலசமயம் எழுத்துருத் தேர்வு குழம்பும்.

கிண்டில் கடையில் வாங்கிய புத்தகத்தைக் கணினியில் இறக்கிக் கேபிளில் போடும் வசதியை 2025 பிப்ரவரி 26 முதல் கிண்டில் நிறுத்திவிட்டது. இப்போது வாங்கிய புத்தகம் பெரும்பாலும் வைஃபை வழியாகத்தான் வரும்.

இலவசத் தமிழ்ப் புத்தகம் எங்கே கிடைக்கும்?

ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் தொடங்குங்கள். 2013 முதல் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள், எழுதியவர்களின் அனுமதியோடு வெளியிடுகிறார்கள். ஈபப்போடு ஆறு அங்குலத் திரைக்கென்றே செய்த பிடிஎஃப்பும் இருக்கும். மேலே சொன்ன எறும்புத் தொல்லை இல்லை.

பழைய இலக்கியம் வேண்டுமென்றால் மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கியது, உலகம் முழுக்க இருந்த தமிழர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்தது. விக்கிமூலத்தில் நாட்டுடைமையான நூல்கள் நிறைய. அங்கே பதிவிறக்கு என்று தொட்டால் ஈபப்பாகவே வரும், இது பலருக்குத் தெரியாது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்தில் அபூர்வமான புத்தகங்கள் உண்டு, ஆனால் ஸ்கேன் பிடிஎஃப்.

மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வருகிற ஒரு பெரியவர் யாழ்ப்பாணத்துப் பழைய இதழ்களைக் கேட்பார். அவருக்கு 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் தளத்தைக் காட்டினேன், ஈழத்து வெளியீடுகள் அங்கே குவிந்து கிடக்கின்றன. அவையும் பெரும்பாலும் ஸ்கேன்தான். படுக்கை வாட்டில் திருப்பி, மூக்குக்கு அருகில் பிடித்துக்கொண்டு, வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். கடை மூடும்போதுதான் எழுப்பினேன்.

டெலிகிராமில் எல்லாப் புத்தகமும் இருக்கிறதே?

இருக்கிறது. எழுதியவருக்கு ஒரு ரூபாய் போகாது. என் கடையில் அதை ஏற்றித் தருவதில்லை.

உப்புக்காற்று கருவியைக் கெடுக்குமா?

கெடுக்கும், ஆனால் திரையை அல்ல. சார்ஜ் போடும் துளையைத்தான். தெற்கேயிருந்து சோழகக் காற்று வீசுகிற மாதங்களில் கதவைத் திறந்துவைத்தால் சாயங்காலத்துக்குள் மேசை மேல் பிசுபிசுவென்று ஒரு படலம் ஏறியிருக்கும், கை வைத்தால் தெரியும். அதே படலம் துளைக்குள் இருக்கும் உலோகக் காலிலும் ஏறுகிறது. என்னுடைய முதல் கருவி அப்படித்தான் போனது. இரண்டு வருடம் ஜன்னல் திட்டிலேயே வைத்திருந்தேன். ஒருநாள் சார்ஜ் ஏறவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் துளைக்குள் பச்சைப் பூஞ்சை மாதிரி களிம்பு.

இப்போது மூடி உள்ள உறையில் போட்டு, அதையும் ஜிப் கவருக்குள் வைத்து, கூடவே செருப்பு டப்பாவில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுகிறேன். செலவில்லாத வைத்தியம்.

கடல் தண்ணீரில் விழுந்துவிட்டது!

நீர் புகாதது என்று எழுதியிருப்பதை முழுதாகப் படியுங்கள். பேப்பர்ஒயிட்டுக்குச் சொல்லும் கணக்கு நன்னீரில் 2 மீட்டர் ஆழம், 60 நிமிடம். கடல் தண்ணீர் என்றால் கால் மீட்டர் ஆழம், 3 நிமிடம், அவ்வளவுதான். குளத்துக்குக் கொடுத்த வாக்கு கடலுக்குச் செல்லாது.

விழுந்தால் உடனே எடுத்து, உறையைக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசுங்கள். குடத்தில் விலைக்கு வாங்கிய நல்ல தண்ணீர்தான், போர் தண்ணீர் வேண்டாம், அதிலும் உப்பு இருக்கிறது. ஒரு செம்புத் தண்ணீருக்குக் கணக்குப் பார்க்காதீர்கள். பிறகு துளை கீழே பார்க்கும்படி நிழலில் சாய்த்து வையுங்கள். முழுதாகக் காயும்வரை சார்ஜ் போடவே கூடாது. ஈரத்தோடு சார்ஜ் போட்டுத்தான் முக்கால்வாசிக் கருவிகள் சாகின்றன. அரிசிப் பானைக்குள் புதைக்காதீர்கள், தவிடு துளைக்குள் போகும்.

நீர் புகும் மாடல் என்றால் அலச வேண்டாம். துடைத்து, அணைத்து, காயவைத்து, வேண்டிக்கொள்ளுங்கள்.

படகுக்குக் கொண்டுபோகலாமா?

கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். ராத்திரி வலை போட்டுவிட்டுக் காத்திருக்கிற நேரம் நீளமானது. உள் விளக்கைக் குறைத்து, மஞ்சள் வெளிச்சத்துக்கு மாற்றிக்கொண்டால் கண் கூசாது. ஆனால் என்ஜின் பக்கம் வைக்காதீர்கள். கருவி 35 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும் என்று சொல்லப்பட்டது, நம் ஊர் வெயிலே அதைத் தாண்டும். வேனின் முன்கண்ணாடிக்குக் கீழே விட்டுப்போவதும் அதே தப்புதான்.

இன்னொன்று, மடித்துப் போட்ட சாரத்துக்கு (கைலி) அடியில் வைத்துவிட்டு மறந்து அதன் மேல் உட்கார்ந்துவிடுவார்கள். திரைக்கு உள்ளே மெல்லிய கண்ணாடி இருக்கிறது. மேலே கீறலே இல்லாமல் உள்ளே உடையும், பாதித் திரை கோடுகோடாக நின்றுவிடும். மாற்றுகிற செலவுக்குப் புதிதே வாங்கலாம்.

பத்து வாரம் சார்ஜ் நிற்கும் என்றார்கள், எனக்குப் பத்து நாள்கூட இல்லை.

அந்தப் பத்து வாரம் ஒரு நாளைக்கு அரைமணி நேரம் படிப்பவருக்கு, வைஃபையை அணைத்து, வெளிச்சத்தை 13இல் வைத்தால். பெருக்கினால் 35 மணி நேரம். தடைக்காலத்தில் தினம் நாலு மணி நேரம் படிக்கிறவருக்கு ஒன்பது நாள்தான். கருவியில் கோளாறு இல்லை, நீங்கள் நிறையப் படிக்கிறீர்கள்.

திரை உறைந்துவிட்டது.

கிண்டில் என்றால் பவர் பட்டனை 40 விநாடி விடாமல் அழுத்துங்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள், எல்லோரும் பதினைந்திலேயே விட்டுவிடுகிறார்கள்.

அம்மாவுக்குக் கண் மங்கல். அவருக்கு ஆகுமா?

அவருக்குத்தான் ரொம்ப ஆகும். எழுத்தைப் பெரிதாக்கி, வரி இடைவெளியைக் கூட்டி, தடிமனையும் ஏற்றிவிடுங்கள். பக்கத்துக்கு ஏழெட்டு வரிதான் வரும், வரட்டும். பிடிஎஃப் கொடுக்காதீர்கள், ஈபப் மட்டும். கிண்டில் கடையில் கைதவறிப் புத்தகம் வாங்கிவிடாதபடி கடவுச்சொல் போட்டுக் கடையை மூடிவைக்கலாம்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் கையில் வாங்கும்போதே விற்பவர் தன் கணக்கிலிருந்து நீக்கி, உங்கள் கண் முன்னால் உங்கள் கணக்கில் ஏற வேண்டும். 'வீட்டுக்குப் போய் நீக்கிடுறேன்' என்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள். திருடுபோனதாகப் புகாரான கருவி எந்தக் கணக்கிலும் ஏறாது. ராமநாதபுரத்தில் ஒரு தம்பி அப்படி ஒன்றை மூவாயிரத்துக்கு வாங்கி, இப்போது அதன் மேல் டீ டம்ளர் வைக்கிறார்.

உங்கள் கடைக்குக் கொண்டுவந்தால் பார்ப்பீர்களா?

பார்ப்பேன். கணக்கின் கடவுச்சொல்லை எழுதித் தராதீர்கள், நீங்களே வந்து போடுங்கள். கேபிளையும் எடுத்து வாருங்கள். வீட்டில் கிடக்கிற கேபிள்களில் பல சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், கோப்பு போகாது. போனில் பாட்டு ஏற்றிப் பார்த்த கேபிளாகப் பார்த்து எடுத்து வாருங்கள்.